வீட்டுக் கடனில் இரண்டாவது கையெழுத்து



நம் சம்பளச் சான்றுக்கு வங்கியில் மதிப்பு உண்டு. வீடு கட்டும் தம்பியும் மைத்துனரும் நம்மைத் தேடி வருவது அதனால்தான். "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்பார்கள். சும்மா போடும் கையெழுத்துக்கு வங்கி ஏன் சம்பளச் சான்று கேட்கிறது?

இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் பாதிக் கடனுக்கு அல்ல, முழுக் கடனுக்கும் பொறுப்பு. ஜாமீன்தாரரும் தப்ப முடியாது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு. "முதலில் அவரிடம் கேளுங்கள்" என்று வங்கியைத் திருப்பி அனுப்ப முடியாது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடனாகும். பிறகு நம் பிள்ளையின் படிப்புக்குக் கடன் கேட்டுப் போனால் அதுதான் முன்னால் வந்து நிற்கும்.

பலர் கவனிக்காதது இன்னொன்று. கடன் பத்திரத்தில் பெயர் இருப்பதால் மட்டும் வீட்டில் பங்கு வராது. கிரயப் பத்திரத்திலும் பெயர் வேண்டும். அது இல்லாமல் பத்து வருடம் தவணை கட்டினாலும் கையில் மிஞ்சுவது ரசீதுகள்தான். வட்டிக்கான வருமான வரிச் சலுகைகூடக் கிடைக்காது. கணவரிடம் இதைக் கேட்க நம் ஆசிரியைகள் பலர் கூச்சப்படுகிறார்கள். பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள், அம்மா.

ஜாமீன்தாரருக்கு உரிமையும் உண்டு. கடனை அவர் அடைத்தால் வங்கிக்கு இருந்த உரிமைகள் அவருக்கு வரும்; கட்டிய தொகையைக் கடன்காரரிடம் சட்டப்படி வசூலிக்கலாம். அதற்கு ஒப்பந்த நகலும் ரசீதும் வேண்டும். கையெழுத்திடும் அன்றே நகலைக் கேட்டு வாங்கி வாருங்கள்.