தூண்டில் வளைவின் இரண்டு பக்கங்கள்

ஊரிலிருந்து வரும் உறவுக்காரப் பிள்ளைக்கு அறிவியல் பித்து என்றால், சென்னையில் எங்கே அழைத்துப் போவது? கோட்டூர்புரத்துக் கோளரங்கம், ஐ.சி.எஃப். ரயில் அருங்காட்சியகம் என்று இரண்டு பெயர்கள் சட்டென வாயில் வரும். அதற்குமேல், தொழில்நுட்ப நகரம் என்ற பேருக்குச் சாட்சியாகத் தரமணி டைடல் பார்க்கையும் பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களையும் காட்டுவோம். அங்கே நடக்கும் வேலை எல்லாம் திரைக்குள். வாசலில் நிற்பவருக்குத் தெரிவது காவலாளியும் வண்டி நிறுத்துமிடமும்தான். ஒரு நுட்பம் எப்படி இயங்கியது, எங்கே சறுக்கியது என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் வடக்கே போக வேண்டும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவைதான் அந்த இடங்கள் என்பது என் கட்சி.

ராயபுரம் ரயில் நிலையத்திலேயே தொடங்கலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிக் கிளம்பியது. இந்தியாவில் இன்றும் நிற்கும் நிலையக் கட்டடங்களில் இதுவே மிகப் பழையது. அதே ராயபுரத்தில், பி.கே. சீனிவாசன் என்ற பள்ளிக் கணித ஆசிரியர் 1993-இல் தொடங்கிய ராமானுஜன் அருங்காட்சியகம் இருக்கிறது. முன்கூட்டி விசாரித்துக்கொண்டு போவது நல்லது. ராமானுஜன் வாழ்ந்த ஊர்கள் எத்தனையோ இருக்க, ராயபுரத்துக்கு அவர்மீது என்ன உரிமை என்று கேட்கலாம். ராயபுரத்துக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில் இருக்கும் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில்தான் அவர் 1912 மார்ச்சில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தன்னை அந்த அலுவலகத்துக் குமாஸ்தா என்றே அறிமுகம் செய்துகொண்டார். அவருக்கு ஆதரவாக நின்ற துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். இந்தக் கரையின் மணலோடு மல்லுக்கு நின்றவரும் அவரே.

அந்த மணல் கதைதான் வடசென்னையின் ஆகப் பெரிய காட்சிப் பொருள். இந்தக் கடலோரத்தில் அலை, ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதி மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்ச காலம் எதிர்த் திசையில் ஓடினாலும், மொத்தக் கணக்கில் வரவு வடக்குக்குத்தான். 1876-இல் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் நீட்டத் தொடங்கினார்கள். 1881-இல் ஒரு புயல் அதை உடைத்துப்போட்டும் விடாமல் மறுபடி கட்டினார்கள். கிழக்கே கடலை நேராகப் பார்த்திருந்த வாயிலை, பின்னால் வந்த ஸ்பிரிங் மூடி வடகிழக்குப் பக்கம் மாற்றினார். கப்பலுக்கு நிம்மதி கிடைத்தது. ஆனால் வடக்கே போக வேண்டிய மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிட்டது. நாம் காற்று வாங்கும் மெரினாவின் அகலத்தில் பெரும்பங்கு அப்படி நின்ற மணல். வடக்கே ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கரை கரைந்தது. மெரினாவில் சுண்டல் தின்பவர்கள் யாருடைய மணல்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று யோசிப்பதில்லை!

புகையும் கன்டெய்னர் லாரியும் நிறைந்த இடத்துக்கு யார் சுற்றுலா போவார்கள் என்று கேட்பது நியாயம். துறைமுகத்துக்குள்ளும் ஆலைகளுக்குள்ளும் நினைத்த நேரத்தில் நுழையவும் முடியாது. புல்லட் வண்டி பூட்டப்பட்ட திருவொற்றியூர் ஆலையையும், ஆஸ்டின் காரில் தொடங்கி அசோக் லேலண்ட் லாரிக்கு வந்த எண்ணூர் ஆலையையும் மதிலுக்கு வெளியே நின்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் நான் சொன்ன மணலுக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம். இன்னொரு ஆட்சேபம் கனமானது: அடுத்தவர் துன்பத்தை வேடிக்கை பார்க்கலாமா? 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து வலையும் படகும் கறுத்தன. அங்கே கேமராவோடு போய் நிற்பது அநாகரிகம்தான். ஆனால், அங்குள்ளவரை ஆசிரியராக எண்ணிப் போவது வேறு. தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்றும் சென்னை மீனவர் பிரித்துச் சொல்கிறார்கள். பொறியாளர் அளந்து கண்டதற்கு அவர்களிடம் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பாடத்தைக் கண்ணாடிக் கட்டடம் எதுவும் நடத்தாது.

போகும் வழியும் கடினமில்லை. 2021 பிப்ரவரி முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. நடுவில் வரும் காலடிப்பேட்டை, பதினெட்டாம் நூற்றாண்டு ஆளுநர் காலெட் நெசவாளருக்காக அமைத்த காலெட்பேட்டையின் மருவல். ஊர்ப் பெயரிலும் வரலாறு இப்படி வேடம் போடும். திருவொற்றியூர் தேரடியில் இறங்கிக் கிழக்கே கரைக்குப் போனால், அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கும் தூண்டில் வளைவுகள் தெரியும். ஒன்றின் அருகே நின்று பிள்ளையை இரு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். மணல் எந்தப் பக்கம் சேர்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் அலை கல்லைத் தொடுகிறது என்று அது கவனித்துச் சொல்லட்டும். துறைமுகச் சுவருக்கும் மெரினாவுக்கும் நடந்தது என்ன என்பதை நீங்கள் தனியாக விளக்க வேண்டியிருக்காது.