ரசாயன சாஸ்திரமும் எருமூட்டையும்

(கிராம ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குச் செய்யப்பட்ட உபந்நியாசம்)



ரசாயன சாஸ்திரம் என்றவுடன் கண்ணாடிக் குப்பிகள் நிறைந்த ஓர் அறையும், அதில் படித்தவர்கள் சிலர் செய்யும் ஏதோ மர்மமான வேலையும் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. ஆனால் குடியானவருடைய வீட்டிலும் களத்திலும் இந்த சாஸ்திரம் நாள்தோறும் நடந்துகொண்டே இருக்கிறது. பால் தயிராவதும், கலப்பைக் கொழு துருப்பிடிப்பதும், குப்பைக்குழி மக்குவதும் ரசாயன மாறுதல்களே. ஒரு பொருள் தன் குணத்தை விட்டு வேறு குணமுள்ள பொருளாக மாறுவது எப்படி, ஏன் என்று ஆராய்வதே ரசாயனம். கடன்பட்டு வாங்கிய எரு வயலில் பலன் கொடாமற்போவதும், அதன் காரணமாகச் சங்கத்தில் தகராறு எழுவதும் பல சமயங்களில் இந்த மாறுதல்களை அறியாததனால் நேருகிற விபத்துக்கள். ஆகையால், இதைப் பற்றிப் புதிதாகக் கேட்கிறவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளில் சிலவற்றிற்கு இங்கே விடை கூறப்படும்.

முதற்கேள்வி, "ரசாயனம் என்றால் விஷந்தானே?" என்பது. உண்ணும் உப்பும், குடிக்கும் ஜலமும், சுவாசிக்கும் பிராணவாயுவும் ரசாயனப் பொருள்களே. சமையல் உப்பையே எடுத்துக்கொள்ளலாம். அது சோடியம், குளோரின் என்ற இரண்டு மூலப்பொருள்கள் சேர்ந்து உண்டானது. சோடியம் என்பது ஜலம் பட்டவுடன் சீறிப் பற்றக்கூடிய மிருதுவான உலோகம். குளோரின், சுவாசித்தவர்களின் மார்பை எரிக்கும் பச்சைநிற வாயு. 1915-ம் வருஷத்தில் ஐரோப்பிய மகாயுத்தத்தில் எதிரிகளைக் கொல்லவே அதை உபயோகித்தார்கள். இவ்வளவு கொடிய இரண்டும் கூடியபோது கஞ்சிக்கு இடும் உப்பாகிவிடுகின்றன. இரண்டு பொருள்கள் ரசாயனமாகக் கூடினால் பழைய குணங்கள் நீங்கிப் புதிய குணங்கள் பிறக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை. எல்லா ரசாயனமும் தீங்கற்றது என்று இதற்கு அர்த்தமல்ல; ஒவ்வொரு பொருளையும் அதனதன் குணத்தையும் அளவையும் கொண்டே மதிக்கவேண்டும்.

சுட்ட சுண்ணாம்பைத் தாளிக்கும்போது அடுப்பில்லாமல் அது கொதிப்பது ஏன் என்றும் கேட்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுடும்போது அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறிவிடும். சுத்தமான கல் 100 பங்கு நிறையானால் மிஞ்சும் சுண்ணாம்பு 56 பங்குதான். அது ஜலத்துடன் கூடும்போது உஷ்ணம் வெளிப்படுகிறது. சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கரியமிலவாயுவை மறுபடியும் வாங்கிக்கொண்டு பழையபடி கல்லாகிறது. ஆகவே காளவாயில் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெறுகிறது. பொருள் அழிந்துபோவதில்லை, இடம் மாறுகிறது. பிரான்ஸ் தேசத்து லவாய்ஸியே என்பவர் 18-ம் நூற்றாண்டில் தராசைக் கொண்டு இந்த உண்மையை ஸ்தாபித்தார். தராசைக் கைவிடாமல் கணக்குப் பார்க்கிற வழக்கம் சங்கத்தின் காரியதரிசிக்கு மட்டும் உரியதல்ல.

அடுத்தபடியாகப் புளிப்பு, காரம் என்ற இரண்டு இனங்களை அறிந்துகொள்வது அவசியம். இங்கே காரம் என்பது மிளகாயின் காரமல்ல. சுண்ணாம்பு, சாம்பல், சவுக்காரம் இவற்றின் குணம். எலுமிச்சம் பழத்திலும் புளியிலும் உள்ளது புளிப்பு. கந்தகத் திராவகமும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. இவற்றைப் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஆரத்திக்கு மஞ்சள் கரைத்த ஜலத்தில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் அது சிவப்பாகிறதல்லவா? அதுவே பரீட்சை. மஞ்சளைச் சிவக்கச் செய்வது காரம். சிவந்த ஜலத்தில் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தால் மறுபடியும் மஞ்சளாகிவிடும். விறகுச் சாம்பலை ஜலத்தில் கரைத்துத் தெளிந்த நீரை இறுத்து அதில் மஞ்சளைப் போட்டாலும் சிவக்கும். இதை ஒவ்வோர் அங்கத்தினரும் வீட்டில் ஒருமுறை செய்துபார்ப்பது நலம். பின்வரும் விஷயம் அப்போதுதான் மனத்தில் பதியும்.

இனி, பணம் போகிற இடத்துக்கு வருவோம். அமோனியம் சல்பேட் என்ற எருவைச் சாம்பலுடனோ சுண்ணாம்புடனோ கலந்து இடலாமா என்பது கேள்வி. கூடாது என்பதே விடை. சாம்பல் நல்ல எரு. அதில் பயிருக்கு வேண்டிய பொட்டாஷ் இருக்கிறது. அமோனியம் சல்பேட்டும் நல்ல எரு; 100 பங்கில் ஏறக்குறைய 21 பங்கு நைட்ரஜன் உள்ளது. நல்லதோடு நல்லது சேர்ந்தால் இரட்டிப்பு நலம் என்றும், தூவுவதற்கும் சுலபம் என்றும் எண்ணி இரண்டையும் ஒரு குவியலாகக் கொட்டி, ஈரத்துடன் பிரட்டி, இரவெல்லாம் வைத்திருந்து மறுநாள் வயலுக்குக் கொண்டுபோகும் குடியானவர் உண்டு. பிரட்டும்போது மூக்கைத் துளைக்கும் நெடி ஒன்று எழும்; கண்ணில் நீர் வரும். எருவின் வீரியம் இது என்று அவர் சந்தோஷப்படவும் கூடும். உண்மையில் அந்த நெடிதான் அவர் கிரயம் கொடுத்து வாங்கிய பொருள். அது அமோனியா வாயு. அதற்குள் இருப்பதே நைட்ரஜன். சாம்பலிலுள்ள காரம் அமோனியாவைத் துரத்திவிட்டு அது இருந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. சுத்தமான அமோனியம் சல்பேட்டில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான நிறை இந்த அமோனியாதான். மூன்று பங்கு எருவிலுள்ள அமோனியா முழுவதையும் விரட்டுவதற்கு ஒன்றேகால் பங்கு சுட்ட சுண்ணாம்பே ஏறக்குறையப் போதும். சாம்பலின் காரம் அவ்வளவு கடுமையல்லவாகையால் நஷ்டம் குறைவாக இருக்கலாம். ஆனால் நஷ்டம் நஷ்டமே.

பயிர் பசுமை கொள்ளாததைக் கண்டு அந்தக் குடியானவர் சங்கத்துக்கு வந்து, எரு கலப்படம் என்று கூறுகிறார். காரியதரிசி மற்றவர்களுக்கும் அதே மூட்டைகளைத்தான் கொடுத்ததாகச் சாதிக்கிறார். பஞ்சாயத்தார் இருவரில் ஒருவர் பொய் சொல்வதாகத் தீர்மானிக்கத் தலைப்படுகிறார்கள். இருவரும் மெய்யே சொல்கிறார்கள் என்பது எவருக்கும் தோன்றுவதில்லை. தவணை வந்ததும் கடன் நிற்கிறது. எரு மட்டும் இல்லை.

இந்த மாறுதலைப் பாட்டிமார்கள் நெடுங்காலமாக அறிவார்கள் என்பது ஆச்சரியமான விஷயம். மயக்கம் கண்டவர்களுக்கு நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் உள்ளங்கையில் தேய்த்து முகரக்கொடுப்பது பழைய கைவைத்தியம். நவச்சாரமும் அமோனியாவைக் கொண்ட உப்பு. சுண்ணாம்பு அதை வெளியேற்றுகிறது. மயங்கினவரை எழுப்புவதும் எருவை விரயமாக்குவதும் ஒரே வாயுதான். ஆகையால் சாம்பலோ சுண்ணாம்போ இடவேண்டிய நிலத்தில் முதலில் அதை இட்டு உழுது, இரண்டு மூன்று வாரம் கழித்தே அமோனியம் சல்பேட்டை இடவேண்டும். பிண்ணாக்குடனும் சூப்பர் பாஸ்பேட்டுடனும் அதைக் கலப்பதில் இந்த ஆபத்து இல்லை. ஐயம் ஏற்பட்டால் மஞ்சள் பரீட்சை இருக்கிறது. மஞ்சளைச் சிவக்கச் செய்யும் எதனோடும் இந்த எருவைச் சேர்க்கலாகாது.

அப்படியானால் மெய்யாகவே கலப்படம் செய்த எருவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு சிட்டிகை எருவைச் சுட்ட சுண்ணாம்புடன் ஈரக்கையால் கசக்கினால் மேற்சொன்ன நெடி எழவேண்டும். எழாவிட்டால் அது அமோனியம் சல்பேட் அல்ல. ஒரு கிண்ணம் ஜலத்தில் போட்டால் முழுவதும் கரையவேண்டும். மணல் கலந்திருந்தால் அடியில் தங்கும். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் சிறிது போட்டால் உருகிப் புகைந்து மறைந்துவிடும். சமையல் உப்பு கலந்திருந்தால் படபடவென்று வெடித்துக் கரண்டியிலேயே தங்கும். யூரியாவுக்கு முதற்பரீட்சை பொருந்தாது. சுண்ணாம்புடன் கசக்கினவுடன் அது நெடி காட்டுவதில்லை. மூட்டையைப் பிரிக்கும் அன்றே, காரியதரிசியும் அங்கத்தினரும் கூட இருக்கும்போதே, இவற்றைச் செய்துவிட்டால் பிற்பாடு சண்டைக்கு இடமிராது.

"யந்திரசாலையில் செய்த எருவும் தொழுவத்து எருவும் ஒன்றாகுமா?" என்பது பலரும் கேட்கும் கேள்வி. வேரைக் கேட்டால் நைட்ரஜனில் வித்தியாசமில்லை என்றே சொல்லும். எந்த எருவானாலும், பூமியிலுள்ள கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் அதிலுள்ள நைட்ரஜனை வேர் உறிஞ்சக்கூடிய உப்புகளாக மாற்றிக் கொடுக்கின்றன. மாட்டின் சிறுநீரில் உள்ள யூரியாவை ஜெர்மனியில் வோலர் என்ற பண்டிதர் 1828-ம் வருஷம் பிராணியின் உதவியில்லாமலே தமது ஆராய்ச்சிசாலையில் உண்டாக்கினார். ஜீவனுள்ள உடம்பில்தான் இத்தகைய பொருள் பிறக்கும் என்றிருந்த கொள்கை அதனால் ஆட்டங்கண்டது. காற்றில் 100-க்கு 78 பங்கு நைட்ரஜன் இருந்தும் பயிர் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. கொளுஞ்சி, தக்கைப்பூண்டு முதலியவற்றின் வேர்முண்டுகளில் வாழும் சிற்றுயிர்கள் அதைப் பிடித்துக் கொடுக்கின்றன. அதே காரியத்தை ஹேபர் என்பவர் 1909-ம் வருஷம் பெரும் அழுத்தத்தாலும் உஷ்ணத்தாலும் செய்துகாட்டினார். 1913-ல் ஓப்பௌ என்ற ஊரில் அதற்கு ஆலை ஏற்பட்டது. ஆலுவாயின் அருகே 1947-ல் அமோனியம் சல்பேட் உற்பத்தி தொடங்கியபோது அங்கே மூலதனப் பொருளாக இருந்தது விறகு என்பது கேட்கச் சுவையான செய்தி.

ஆனால் பூமியைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும். தொழுவெரு 100 பங்கில் ஏறக்குறைய அரைப் பங்கு நைட்ரஜனே இருக்கிறது. ஆயினும் மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும் மக்கு அதில் உண்டு, மூட்டை எருவில் இல்லை. மேலும் அமோனியம் சல்பேட் தொடர்ந்து இட்டால் பூமியில் புளிப்பை ஏற்றும். இங்கிலாந்தில் வோபர்ன் என்ற பண்ணையில் 1877-ல் தொடங்கிய பரீட்சையில், அமோனியா உப்புகளையே ஆண்டுதோறும் இட்ட பாத்திகள் நாளடைவில் புளித்துப் பயிர் பிடிக்காமற் போயின. சுண்ணாம்பு இட்டபிறகே அவை தேறின. சுண்ணாம்புச் சத்து நிறைந்த நிலத்தில் இந்தப் பயம் குறைவு, செம்மண் மணற்பாங்கில் அதிகம். கோயமுத்தூரிலும் 1909 முதல் நிரந்தர எருப் பரீட்சை நடத்தப்பட்டு வந்திருக்கிறது. இத்தகைய விஷயங்களில் ஒரு போகத்து விளைவைக் கண்டு புகழ்வதும் இகழ்வதும் அவசரமான காரியம்.

மயில்துத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பயிர்களின் பூஞ்சக்காளான் நோய்களுக்கு மயில்துத்தம் ஒரு பங்கு, சுட்ட சுண்ணாம்பு ஒரு பங்கு, ஜலம் நூறு பங்கு சேர்த்துத் தெளிக்கும் போர்டோ கலவையை இரும்புப் பாத்திரத்தில் செய்யக்கூடாது என்பது ஏன்? மயில்துத்தத்தில் இருப்பது செம்பு. அது இரும்பைக் கண்டால் தான் இறங்கிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். இரும்பு கரைந்து மருந்தில் சேரும். பாத்திரமும் பாழ், மருந்தும் பாழ். மண்பானையே சிலாக்கியம். கலந்து முடித்தபின் துலக்கிய கத்தியை அதில் சிறிது நேரம் அமிழ்த்திப் பார்க்கவேண்டும். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அப்படியே தெளித்தால் இலை கருகும். இன்னும் சுண்ணாம்புப்பால் சேர்த்துப் பிறகு தெளிக்கவேண்டும்.

கடைசியாக, மழைக்காலத்தில் கட்டியாகிவிட்ட எரு கெட்டுப்போனதா என்று கேட்கிறார்கள். கெடவில்லை, அமோனியம் சல்பேட்டானால் மரக்கொட்டாப்புளியால் உடைத்து உபயோகிக்கலாம். ஆனால் நைட்ரேட் கலந்த எருக்கள் வேறு ஜாதி. மேலே சொன்ன ஓப்பௌ ஆலையிலேயே 1921-ம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி, கட்டிபட்டுக் கிடந்த அமோனியம் சல்பேட்-நைட்ரேட் கலப்பெருவை வெடிமருந்து வைத்துத் தளர்த்தினார்கள். அதற்கு முன் பல முறை அவ்வாறு செய்தும் விபரீதம் நேரவில்லையாம். அன்று குவியலே வெடித்து ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். சங்கக் கிடங்கில் மூட்டையின்மேல் எழுதியிருக்கும் பெயரைப் படித்து, நைட்ரேட் எருவாக இருந்தால் அதைத் தனியே, மண்ணெண்ணெய், வைக்கோல், கந்தகம், நெருப்பு இவற்றுக்கு எட்டாத இடத்தில், தரையிலிருந்து உயர்ந்த பலகையின்மேல் அடுக்கிவைக்கவேண்டும்.