மாரி மழையும் எங்கள் விதைப்பும்

(மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து திருகோணமலைக்கு வந்திருந்த தொழிலாளர் குழுவின் முன்னால், தம்பலகாமம் பக்கத்து விவசாயிகள் சார்பில் பேசிய பேச்சு. பேசியபடியே பெரும்பாலும் அச்சாகிறது.)



நேற்றுப் பின்னேரம் நீங்க பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஒரு அம்மா கேட்டாங்க, "என்னங்க இது, அடுப்பு வாயில நின்ன மாதிரி காத்து அடிக்குது?" என்று. அதுக்கு இங்கே கச்சான் என்று பெயர். நிலக்கடலைக்கும் நாங்கள் கச்சான் என்றுதான் சொல்லுவோம். ஒரு கச்சானை நாங்கள் தின்போம், மற்றக் கச்சான் எங்களைத் தின்னும்.

அந்தக் காற்று உங்க ஊர் வழியாகத்தான் வருகிறது. மே மாதத்தில் இருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடல் ஈரத்தைச் சுமந்து வந்து மலையின் மேற்குச் சரிவில் முட்டுகிறது. வட்டவளைப் பக்கம் வருஷத்துக்கு ஐயாயிரம் மில்லிமீற்றர் மழை என்பது இந்தக் காற்றால்தான். நீங்க படங்கைப் போர்த்திக்கொண்டு, அட்டைக்கடியோடு கொழுந்து எடுக்கிறீங்களே, அதே நாளில் அந்தக் காற்று மழையை எல்லாம் உங்க மேல் கொட்டிவிட்டு, வெறும் கையோடு மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடாகிறது. எங்களுக்கு வந்து சேரும்போது அதில் ஈரமும் இல்லை, இரக்கமும் இல்லை.

எங்களுடைய மழை வேறு. திருகோணமலையில் வருஷம் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் விழும். அதில் பெரும்பங்கு ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரையான நாலு மாதத்தில். நவம்பரும் டிசம்பரும்தான் உச்சம். இதை மாரி என்கிறோம். மாரியை நம்பி விதைப்பது பெரும்போகம், அரசாங்கக் கடிதங்களில் மகா போகம். குளத்தில் தண்ணீர் மிஞ்சினால் ஏப்ரல், மே அளவில் சிறுபோகம். குளம் இல்லாத மேட்டுக் காணிக்குச் சிறுபோகம் என்பதே கிடையாது. பெரும்போகம் பிழைத்தால் அந்த வருஷமே பிழைத்தது.

எங்கள் குடும்பங்களும் உங்களைப் போலத் தோட்டத்தில் இருந்தவங்கதான். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் தாய் தகப்பன்மார் லயத்தை விட்டு மூட்டை முடிச்சோடு இந்தப் பக்கம் வந்தாங்க. வந்தவங்களுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியும், வேலைக்குப் பயப்பட மாட்டாங்க. ஆனால் மழையைப் பற்றித் தெரிந்து வைத்திருந்தது எல்லாம் இங்கே தலைகீழ். மே மாதம் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாங்களாம், இப்ப வரும், இப்ப வரும் என்று. பக்கத்துக் காணிக்கார ஐயா சிரித்துவிட்டு, "ஐப்பசி வரைக்கும் படுத்துத் தூங்குங்க" என்றாராம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒபிஸ் முற்றத்தில் மழை அளக்கிற செம்புப் பாத்திரம் ஒன்று இருக்குமே, பார்த்திருப்பீங்க. காலையில் ஒருத்தர் வந்து அளந்து புத்தகத்தில் எழுதுவார். பெரட்டுக்குப் போகிற வழியில் நாங்கள் சின்ன வயதில் அதைத் தினமும் பார்த்திருக்கிறோம். அது எதற்கு என்று ஒரு நாளாவது கேட்டதில்லை. துரைமார் சமாச்சாரம், நமக்கென்ன என்று இருந்துவிட்டோம். அது எதற்கு என்று எங்களுக்கு விளங்கினது 2016-ல்.

அந்த வருஷம் ஒக்டோபர் முதல் கிழமை நல்ல இடி மழை ஒன்று விழுந்தது. ஒரே பின்னேரத்தில் முற்றத்தில் தண்ணீர் ஓடியது. மேட்டுக் காணியில் மூன்று ஏக்கர் உழுது போட்டிருந்தோம். ஏக்கருக்கு இரண்டு புசல் கணக்கில் ஆறு புசல் விதை நெல்லையும் மறுநாளே வீசிவிட்டோம். ஐந்தாம் நாள் முளை வந்தது. பச்சைப் பாய் விரித்த மாதிரி இருந்தது. பிறகு மழை இல்லை. ஒரு கிழமை பார்த்தோம், இரண்டு கிழமை பார்த்தோம். முளை மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறமாகி, காலால் தட்டினால் தூளாகப் போனது. நகையை அடகு வைத்துத் திரும்ப விதை வாங்கினோம். இரண்டாம் விதைப்பும் அரைகுறைதான். வீட்டில் ஒரு மாதம் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

எங்களுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை அது. அந்தப் பெரும்போகத்தில் நாடு முழுவதும் மழை பொய்த்தது. நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு வறட்சி இல்லை என்றார்கள். 2017-ல் இலங்கையின் நெல் விளைச்சல் முந்தின வருஷத்தைவிட நாற்பது வீதத்துக்கு மேல் குறைந்தது. ஆனால் மழை குறைந்தது ஒரு பக்கம், நாங்கள் அவசரப்பட்டது இன்னொரு பக்கம். பொறுத்திருந்தவங்களுக்கு விதை நெல்லாவது மிஞ்சியது.

எங்கே ஏமாந்தோம் என்று பிறகுதான் யோசித்தோம். ஒக்டோபரில் விழுகிறது மாரி மழையே இல்லை. வளிமண்டலவியல் திணைக்களம் வருஷத்தை நாலாகப் பிரிக்கிறது. மார்ச்சும் ஏப்ரலும் ஒரு இடைக்காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு. ஒக்டோபரும் நவம்பரும் இன்னொரு இடைக்காலம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரைதான் உண்மையான வடகீழ்ப் பருவக்காற்று. அந்த ஒக்டோபர் இடைக்காலத்தில் காற்றுக்கு ஒரு நிலையான திசை இல்லை. பகல் வெயிலில் மேகம் திரண்டு பின்னேரம் இடியோடு கொட்டும். கந்தளாயில் கொட்டும், தம்பலகாமத்தில் ஒரு துளி இருக்காது. அது வெயில் போட்ட மழை. அடுத்த மழைக்கு உத்தரவாதம் சொல்லாது. பிறகு வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று உண்டாகி, வானம் முழுக்க மூடி, இரவும் பகலும் அடைமழை பிடிக்கும். காற்று வடக்கே திரும்பி வாடையாகும். அதுதான் எங்கள் மழை.

துறைமுகத்துக்காரங்களுக்கு இந்த வாடை எப்போதோ தெரியும். பாய்க்கப்பல் காலத்தில் வாடை பிறந்துவிட்டால் சென்னைப் பக்கக் கரையில் கப்பல் ஒதுங்க இடமே இல்லை. இந்தக் கோடியிலேயே காற்றுக்கு மறைவான பெரிய துறை திருகோணமலைதான். இதற்காகத்தான் ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், இங்கிலீஷ்காரர் எல்லாரும் அடிபட்டாங்க, கடைசியில் 1795-ல் இங்கிலீஷ்காரர் பிடித்தாங்க. கோட்டை பார்க்கப் போகும்போது நினைத்துக் கொள்ளுங்க. நெல்லுக்காக யாரும் அந்தச் சண்டை பிடிக்கவில்லை.

சரி, விதைப்புக்கு வருவோம். முந்தி விதைத்தால் முளை காயும். அப்படியென்றால் பிந்தி விதைக்கலாமே என்று கேட்பீங்க. அதிலும் கத்தி இருக்கிறது. மூன்றரை மாத நெல்லை ஒக்டோபர் கடைசியில் விதைத்தால் பெப்ரவரி நடுவில் அறுக்கலாம். டிசம்பரை எட்டிவிட்டால் அறுவடை மார்ச் கடைசிக்குப் போகும். இங்கே ஜனவரிக்குப் பிறகு மழை சட்டென்று இறங்கிவிடும். குளத்துத் தண்ணீர் இல்லாத காணியில் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் நிலம் வெடித்துக் கிடக்கும், அறுத்தால் பதர்தான் மிஞ்சும். சரியான நேரத்தில் விதைத்தாலும் 2011 ஜனவரி மாதிரி வெள்ளம் வந்தால் என்ன செய்வது? அந்த வருஷம் மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலை மூன்று மாவட்டத்திலும் விளைந்த வயல் தண்ணீருக்குள் போனது. அதற்கு எங்களிடம் மருந்து இல்லை. பயிர்க் காப்புறுதி ஒன்றுதான். அதையும் பலர் செய்வதில்லை, நாங்களும் முதலில் செய்யவில்லை.

ஆக, விதைப்புக்கு நல்ல நேரம் என்பது மூன்று நாலு கிழமைதான். அந்த நாலு கிழமைக்குள் நாள் பிடிக்கத்தான் நாங்கள் மழையை அளக்கத் தொடங்கினோம்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அடி மட்டமாக, சுவர் நேராக உள்ள ஒரு டின், ஒரு அடிமட்டம், ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி, வெளியான இடத்தில் கம்பில் கட்டி வைக்க வேண்டும். தினமும் காலை எட்டரைக்கு டின்னில் நிற்கிற தண்ணீரின் உயரத்தை மில்லிமீற்றரில் எழுதிவிட்டுக் கவிழ்த்துவிட வேண்டும். எட்டரை ஏன் என்றால், திணைக்களமும் அந்த நேரத்துக்குத்தான் இருபத்து நாலு மணித்தியாலக் கணக்கை முடிக்கிறது. ரேடியோவில் சொல்கிற கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். டின்னில் ஒரு மில்லிமீற்றர் நின்றால் ஒரு ஏக்கரில் நாலாயிரம் லீற்றர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று கணக்கு. முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்தபோது எங்கள் பிள்ளைகளே நம்பவில்லை.

எங்கள் பழக்கம் இதுதான். ஒரு நாள் மழையைப் பார்த்து விதைக்க மாட்டோம். பத்து நாள் மழையைக் கூட்டிப் பார்ப்போம், அந்தப் பத்தில் எத்தனை நாள் மழை விழுந்தது என்றும் பார்ப்போம். ஒரே நாளில் ஐம்பது விழுந்து ஒன்பது நாள் காய்ந்திருந்தால் அது இடி மழை. ஐந்தாறு நாள் பரவலாக விழுந்து ஐம்பது என்றால் யோசிக்கலாம். அதோடு மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி, ஈரம் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்று கையால் பார்ப்போம். மேல் மண் மட்டும் நனைந்திருந்தால் விதை மூட்டையைத் தொட மாட்டோம்.

பெரியவங்க சொல்கிற குறிகளும் உண்டு. எறும்பு முட்டை தூக்குவது, தூக்கணாங்குருவி கூடு கட்டுகிற பக்கம், பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிற மரக்கால் மழை. நாங்கள் அவற்றைப் பழிக்க மாட்டோம். கடற்கரை ஆட்கள் காற்றுத் திரும்புவதை மூக்கால் சொல்லுவாங்க, அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அடகு வைத்து வாங்கின விதை நெல்லைக் குருவியை நம்பிக் கொட்டவும் மாட்டோம்.

திணைக்களம் பருவத்துக்கு முன் ஒரு எதிர்வுகூறல் கொடுக்கும். வழமை, வழமையைவிடக் கூட, வழமையைவிடக் குறைய என்று மூன்று பங்காகப் பிரித்து, எதற்கு வாய்ப்பு அதிகம் என்று சொல்லும். எந்தக் கிழமை மழை வரும் என்று அது சொல்லாது. அதை எதிர்பார்த்து ஏசுகிறவங்களும் இருக்காங்க. இன்னொரு பிழை, எல் நினோ என்று ரேடியோவில் கேட்டதும் வறட்சி என்று பயப்படுவது. இந்தியாவின் தென்மேற்கு மழைக்கு அது பெரும்பாலும் கெடுதல். எங்கள் ஒக்டோபர்–டிசம்பர் மழையோ எல் நினோ வருஷத்தில் கூடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். லா நினா வந்தால் குறைகிற சார்பு. ஜனவரிக்குப் பிறகு கதை மாறும். இதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

குளத்துத் தண்ணீரில் செய்கிறவங்களுக்குப் போக ஆரம்பக் கூட்டம் நடக்கும். எந்தத் தேதியில் தண்ணீர் திறப்பது, எத்தனை மாத நெல் விதைப்பது என்று அதில்தான் முடிவாகும். முன்பெல்லாம் பின்வரிசையில் இருந்து தலையாட்டிவிட்டு வருவோம். இப்போது கொப்பியோடு போகிறோம். "போன வருஷம் இந்தத் தேதி வரைக்கும் இவ்வளவு மழை, இந்த வருஷம் இவ்வளவுதான்" என்று சொன்னால் உத்தியோகத்தர் நிமிர்ந்து பார்க்கிறார். சத்தம் போட்டால் பார்க்க மாட்டார்.

இதில் உங்களுக்கு என்ன என்று கேட்கலாம். நாங்கள் ஒக்டோபரில் வா வா என்று கூப்பிடுகிற அதே மழைதான் 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலையைச் சரித்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தாங்க. மலைநாட்டில் மண்சரிவில் போனவங்க எத்தனை பேர் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. உங்க மலையில் விழுந்த அந்தத் தண்ணீர் மகாவலியோடு 335 கிலோமீற்றர் ஓடி, இங்கே மூதூர், வெருகல் பக்கத்து வயல்களையும் மூடிவிட்டுத்தான் கொட்டியாரக் குடாவில் விழுந்தது. உங்க மழை முடிகிற இடம் எங்கள் வாசல்.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சரிவான இடங்களுக்குச் சொல்கிற கணக்கு இது. இருபத்து நாலு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் வெளியேற ஆயத்தம். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 விழுந்தால், உடனே வெளியேற வேண்டும். இரவில் யாராவது வந்து சொல்லட்டும் என்று காத்திருக்காதீங்க. எங்கள் வயலுக்கு வைத்திருக்கிற அதே டின் உங்க லயத்து வாசலிலும் நிற்கலாம். மூன்று இடத்தில் சிவப்புக் கோடு போட்டால் எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் பார்க்கலாம். ஒரு லயத்துக்கு ஒருத்தர் பொறுப்பு என்று வைத்து, அடைமழை பிடித்தால் இரவிலும் முறை போட்டுப் பாருங்க. சரிவில் வெடிப்புக் கண்டால், ஊற்று நீர் திடீரென்று கலங்கினால், டின் என்ன சொன்னாலும் நிற்க வேண்டாம்.

வாசல் பக்கத்தில் கோடு போட்ட டின் கொஞ்சம் அடுக்கி வைத்திருக்கிறோம், ஒரு தோட்டத்துக்கு நாலு வீதம். கொண்டு போங்க. இங்கே இன்று காலை எட்டரைக்குப் பார்த்தோம், பூச்சியம். அதையும் கொப்பியில் எழுதியாச்சு. சாப்பாட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, கேள்வி இருந்தால் இப்பவே கேளுங்க.