செங்கல் மதகு

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற பேச்சு)



கிளிநொச்சியில் முகவரி விசாரிக்கும் வெளியூரவர் சில வேளை திகைத்துப் போவர். உருத்திரபுரத்திலே எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்பவை இடப்பெயர்கள். வயலுக்கு நீர் பங்கிட வெட்டிய வாய்க்கால்களின் இலக்கங்களே மனிதர் வாழும் இடங்களுக்கும் பெயராகிவிட்டன. அத்தகைய வாய்க்கால் ஒன்றின்மேல் இருந்த செங்கல் மதகைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

ஒரு மாட்டு வண்டில் போகும் அகலம். கீழே அரைவட்ட வளைவு. அதில் இரும்பு கிடையாது. மேலே பாரம் ஏற ஏறக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். வட இந்தியாவில் 1854இல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாய், ரூர்க்கி அருகே சோலானி ஆற்றை இத்தகைய வளைவுகளின்மேல் ஏறித்தான் கடக்கிறது. அங்கே ஆயிரமாயிரம் வயல்களுக்கான நீரைத் தாங்கிய அதே நுட்பம், எங்கள் ஊரிலே ஐயாவின் நெல் மூடைகளைத் தாங்கியது.

சிறுபஞ்சமூலத்தில் காரியாசான் சுவர்க்கம் சேர்க்கும் அறங்கள் ஐந்தினைச் சொல்கிறார். குளம் தோண்டுதல், மரம் நடுதல், வயல் ஆக்குதல், கிணறு அமைத்தல் ஆகியவற்றோடு வழியைச் செப்பனிடுதலையும் சேர்க்கிறார். நீர் பற்றிய பாட்டிலே வழிக்கு என்ன வேலை என்று வகுப்பில் மாணவர் கேட்பதுண்டு. "மதகடியில் போய் நின்று பாருங்கள்" என்பேன். நீரும் வழியும் ஒன்றையொன்று மறிக்காமல் கடக்கும் இடமல்லவா அது!

1996இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பள்ளி வயது. 2010இல் மீண்டு வந்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை, பற்றைக்காடுதான். எது எவருடைய வளவென்று தெரியாது நின்ற வேளை, ஐயா மதகைத் தேடிப் பிடித்தார். அதிலிருந்து தெற்கே இருநூறு காலடி எண்ணி நடந்தார். பற்றையை விலக்கினோம். எங்கள் கிணற்றுக்கட்டு தெரிந்தது. ஐயா அதன்மேல் குந்தி நெடுநேரம் பேசாதிருந்தார்.

சில ஆண்டுகள் கழிந்தன. அறுவடை இயந்திரம் அந்த மதகால் ஏற முடியாதென்று கமக்காரர் கூட்டத்தில் பேச்சு வந்தது. முதியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "மாஸ்ரர், நீங்கள்தான் வடிவா எழுதுவியள்" என்றார். மதகை இடித்துப் புதிது கட்டித் தரும்படி விண்ணப்பம் எழுதினேன். பிழையில்லாத தமிழ், பலனும் கிடைத்தது. இன்று அங்கே கொங்கிரீட் மதகு இருக்கிறது. நெல் சேதமின்றி வீடு வருகிறது. இடித்தது தவறென்று நான் சொல்லமாட்டேன்.

என் தவறு வேறு. 1885இல் இரணைமடுக் குளத்துக்குத் திட்டம் வரைந்த நீர்ப்பாசனப் பொறியியலாளர் பார்க்கர், வவுனிக்குளத்தின் பழைய துருசிலிருந்த செங்கற்களின் நீள அகலங்களை அளந்தார். பிற பழங்கட்டடங்களின் கற்களோடு ஒப்பிட்டு அக்குளத்தின் தொன்மையைக் கணிக்க முயன்றார். பண்டைய இலங்கை பற்றி அவர் 1909இல் வெளியிட்ட நூலில் அந்த ஆராய்ச்சி உண்டு. கடல் கடந்து வந்த ஒருவர் எங்கள் வன்னிக் காட்டில் கல்லை அளந்தார். அந்த மண்ணிலே பிறந்து தமிழ் படித்த நான், என் வளவைக் காட்டித் தந்த மதகை அளக்கவில்லை. படமும் எடுக்கவில்லை. விண்ணப்பத்தில் அதன் பழுதுகளை மட்டும் எழுதினேன்.

இடித்த கற்களை ஊரவர் அடுப்புக்கும் படிக்கட்டுக்கும் கொண்டுபோயினர். ஒன்று என் மேசையில் இருக்கிறது. அதன் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் கொப்பியில் குறித்திருக்கிறேன். ஆனால் ஒரு கல்லை அளந்து வளைவின் உயரத்தை எப்படி அறிவது?

நேயர்களே, உங்கள் ஊரிலும் ஒரு மதகு, ஒரு துருசு இருக்கும். இடிக்க வேண்டுமானால் இடியுங்கள். அதற்கு முதல்நாள் ஓர் அளவுநாடாவோடு பிள்ளைகளை அங்கே கூட்டிச் செல்லுங்கள்.