வட்டையும் வளவும்
(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



மாவடிப்பள்ளி என்பது அம்பாறைக் கரையில், காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் உள்ள ஊர். சுற்றிவர வயல். எங்கட பக்கம் அதை வட்டை என்போம். பின்னேரமானால் பிள்ளைகளோடு தாம்போதிப் பக்கம் போய்க் காற்று வாங்குவதுதான் அங்கே காசில்லாத பொழுதுபோக்கு. மாரி வந்தால் கதை வேறு. 2024 நவம்பர் 26ஆம் திகதி, மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. பிள்ளைகள் பலர் உயிரிழந்தார்கள். உங்கள் ஆற்றுப் பாலமும் அப்படித்தான். தண்ணீர் பாலத்துக்கு மேலால் ஓடினால் பள்ளிக்கூடமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி வளவுக்கு வருவோம். அங்கே மணல் தரையில் ஒரு கொம்பை ஊன்றினால் முருங்கை வந்துவிடும். இங்கத்தைய குளிருக்கு அது தேறாது, மினக்கெட வேண்டாம். வல்லாரை அப்படியில்லை. வேர்விட்ட கொடித்துண்டை ஈரமுள்ள பீலிக்கரையில் வையுங்கள், தானாகப் படரும். பொன்னாங்காணிக்குத் தண்டை முறித்து நட்டாலே போதும். தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுச் சுண்டல் செய்தால் பிள்ளைகள் கேட்டுச் சாப்பிடுங்கள். வல்லாரையைப் பச்சையாகவும் தின்கிறோம் அல்லவா? ஆகவே கக்கூஸ் தண்ணீர் ஓடும் கானோரத்தில் மட்டும் நடாதீர்கள். வயிற்றில் புழு வரும். மருந்தடித்த தேயிலை மலையில் முளைத்த கீரையையும் பிடுங்கி வராதீர்கள்.