மாரியில் வண்டி ஓட்டுவோம்: ஐந்தரை நிமிடத்தின் கதை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி நடைபெற்ற வீதிப் பாதுகாப்புக் கருத்தரங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் கல்லூரியின் பெருமையைப் பேசப் பலர் இருக்கிறார்கள். என்னை ஸ்கூட்டியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வாசலில் நிற்கும் வண்டிகளை எண்ணிப் பார்த்தேன், காரணம் விளங்கியது. நான் படித்த காலத்தில் இந்த வளவுக்குள் ஒரு பெண்ணின் மோட்டார் சைக்கிளைக் கண்ட நினைவே இல்லை. இன்று சைக்கிள்களைவிட ஸ்கூட்டிகள் கூட. யுத்தத்துக்குப் பிறகு கணவன் இல்லாத வீடுகளிலும் மகன் இல்லாத வீடுகளிலும் பெண்களே வண்டியை எடுத்தார்கள். ஆசிரியை, தாதி, மருத்துவமாது, கிராம அலுவலர் என்று விடியமுன் தாம்போதி தாண்டிப் பெருநிலப்பரப்புக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் நம் மாணவிகள்!

நான் திருக்கேதீஸ்வரத்தில் பிறந்தவள். இடம்பெயர்ந்து, பிறகு மன்னார் நகரில் குடியிருந்து, அடம்பன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கற்பித்தேன். வீட்டிலிருந்து பதினெட்டு கிலோமீற்றர். காலை 7.30க்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு கீறப்படும். ஆசிரியைகளாக இருப்பவர்கள் சிரிக்கிறீர்கள். அந்தக் கோடு உங்களுக்குத் தெரியும்.

2012 கார்த்திகையில் ஒரு நாள். இரவு முழுவதும் மழை. காலையில் வெளித்திருந்தது. தாம்போதியில் வாடைக்காற்று இடப்பக்கத்தால் தள்ளியது. தள்ளாடிச் சந்தி வந்தபோது நேரம் 7.05. அங்கிருந்து முடுக்கினேன். மாந்தைச் சந்தி கடந்து ஒரு வளைவு. வயலுக்குள்ளிருந்து ஏறிய உழவு இயந்திரம் ஒன்று தார் வீதியில் சேற்றைப் பூசிவிட்டுப் போயிருந்தது. எனக்கு முன்னால் ஒரு ஐயா, கரியரில் மண்வெட்டி கட்டிய சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். ஒரு மாடு குறுக்கே வந்தது. அவர் விலகினார். நான் முன் பிறேக்கைப் பிடித்தேன். அவ்வளவுதான்.

எனக்குத் தோள்மூட்டு எலும்பு வெடித்தது. அவருக்குக் கால் முறிந்தது. சேற்றுக்குள் கிடந்துகொண்டு அவர் முதலில் கேட்டது, “பிள்ளை, உனக்கு அடி பட்டதோ?” என்பதுதான்.

ஆஸ்பத்திரியில் பொலிஸார் ஆவணங்களைக் கேட்டார்கள். சாரதி அனுமதிப்பத்திரம் சரி. காப்புறுதி முடிந்து ஒன்பது நாள். சம்பளம் வந்ததும் புதுப்பிக்கலாம் என்று விட்டிருந்தேன். வழக்கு, தண்டப்பணம், அவருடைய வைத்தியச் செலவு, அந்தப் போகத்தில் அவர் கூலிக்குப் பிடித்த ஆட்களின் சம்பளம் எல்லாம் என் தலையில் வந்தன. சங்கிலியை அடகு வைத்தேன். சீட்டுக் காசு போயிற்று. நான் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. அடகு வைக்கச் சங்கிலி இருந்தது. இல்லாத ஒருத்தி இடித்திருந்தால் அந்த ஐயாவின் கதி என்ன? மூன்றாந்தரப்புக் காப்புறுதியைப் பொலிஸுக்குக் காட்டும் கடதாசி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது நமக்காக எடுப்பதல்ல. நம்மால் அடிபடப்போகும், நாம் இன்னும் முகம் காணாத ஒருவருக்காக எடுப்பது.

பிறகு ஒருநாள் கையைத் தொட்டிலில் கட்டியபடி இருந்து கணக்குப் பார்த்தேன். நான் கணித ஆசிரியை, வேறென்ன செய்வேன்? மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 14 மீற்றர் போகிறோம். கண் கண்டு கை பிறேக்கைப் பிடிக்க ஒரு விநாடி போய்விடும். பிறகு காய்ந்த தார் வீதியில் நிற்க இன்னும் 14 மீற்றர் அளவில் வேண்டும். ஈர வீதியில் அது 25 மீற்றரை நெருங்கும். சேறு இருந்தால் கணக்கே இல்லை. ஆனால் 40இல் போனால் ஈர வீதியிலும் ஏறக்குறைய 27 மீற்றருக்குள் நின்றுவிடலாம். அதாவது மழையில் 40இல் போவது வெயிலில் 50இல் போவதற்குச் சமன். சரி, 40இல் போனால் எனக்கு எவ்வளவு பிந்தும்? பதினெட்டு கிலோமீற்றருக்கு 50இல் இருபத்தொன்றரை நிமிடம், 40இல் இருபத்தேழு நிமிடம். வித்தியாசம் ஐந்தரை நிமிடம். அந்த ஐந்தரை நிமிடத்துக்காகத்தான் ஒரு மனிதனின் காலை முறித்தேன்.

மாரி காலத்தில் நம் பக்கத்து வீதிகளுக்கென்று சில குணங்கள் உண்டு. முதல் மழைதான் மோசம். கோடை முழுவதும் படிந்த எண்ணெயும் புழுதியும் கரைந்து வழுக்கும். அரை மணித்தியாலம் பொறுத்துப் போனால் நல்லது. விதைப்பு முடிந்ததும் வயலுக்குள் மாடு விட முடியாது; மேய்ச்சல் தரையில் தண்ணீர். ஆகவே கட்டாக்காலி மாடுகள் இரவில் காய்ந்த, சூடான இடம் தேடித் தார் வீதியில் படுக்கின்றன. நகருக்குள் கழுதைகள். கறுப்பு எருமையை மழையிருட்டில் பத்து மீற்றருக்குள் வந்தபிறகுதான் காண்போம். மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியப்புறம் கேதீஸ்வரநாதரிடம் போகிறவர்கள் இதைக் கட்டாயம் நினைக்க வேண்டும். வயல்வெளியில் பனிமூட்டம் இறங்கியிருக்கும். தலைக்கவசக் கண்ணாடியில் ஈரம் படியும். பெரிய வெளிச்சத்தைப் போட்டால் பனி வெள்ளையாகத் திருப்பி அடிக்கும், தாழ்த்திப் போடுங்கள்.

சாறியைப் பற்றியும் ஒரு சொல். மழைக்கோட்டுக்கு வெளியே தொங்கும் சாறித் தலைப்பு பின் சில்லுக்குள் போனால் ஆளை இழுத்து விழுத்திவிடும். பின்னால் இருந்து குடை விரிப்பது அதைவிட மோசம். தாம்போதிக் காற்றில் அந்தக் குடை ஒரு பாய்மரம்.

வெள்ளத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அநுராதபுரப் பக்கம் பெய்த மழை அருவியாற்றால் இறங்கி நம்மிடம் வரச் சில நாள் எடுக்கும். இங்கே வெயில் எறிக்கும் நாளிலும் வீதிக்கு மேலால் தண்ணீர் பாயலாம். ஓடும் தண்ணீர் முப்பது சென்ரிமீற்றர் உயர்ந்தாலே சிறிய காரை மிதக்கச் செய்யும். ஸ்கூட்டிக்கு அதுவும் வேண்டாம். 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளியில் மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரத்தையே வெள்ளம் கொண்டுபோனது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கலா ஓயாவில் பயணிகளோடு அகப்பட்ட பஸ்ஸையும் பார்த்தோம். இடுப்பு உயரச் சில்லுள்ள வண்டியே போகும்போது நாம் ஏன் போகக்கூடாது என்று நினைக்காதீர்கள். தண்ணீருக்கடியில் வீதி இன்னும் இருக்கிறதா என்பது யாருக்கும் தெரியாது. திரும்புங்கள். லீவு போடுங்கள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே நான் எத்தனையோ தரம் கையொப்பமிட்டேன். ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது. இங்கே இருக்கும் அதிபர்மாருக்கும் ஒரு வேண்டுகோள்: அடைமழை நாளில் அந்தக் கோட்டைக் கீறக் கொஞ்சம் பொறுங்கள்.

பாதுகாப்பற்ற புகையிரதக் கடவைகளில் நின்று, இரு பக்கமும் பார்த்துக் கடவுங்கள். 2021 பெப்ரவரியில் மன்னாரில் பஸ்ஸும் புகையிரதமும் மோதிப் பாடசாலைப் பிள்ளை ஒருவர் இறந்ததை நாம் மறக்க மாட்டோம். மழைக்கோட்டுத் தொப்பி காதை மூடியிருந்தால் ஹோர்ன் சத்தமும் கேட்காது.

சட்டத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், பலர் கவனிக்காதது. A1 வகை அனுமதிப்பத்திரம் 100 சிசி வரையான வண்டிக்கு மட்டுமே. இப்போது ஓடும் ஸ்கூட்டிகள் பல அதற்கு மேற்பட்டவை. அவற்றுக்கு A வகை வேண்டும். அண்ணாவின் வண்டி, அவருடைய கடதாசி, ஓடுவது தங்கை என்றால் தங்கையின் அனுமதிப்பத்திரத்தைத்தான் காப்புறுதிக்காரர் கேட்பார். வருடாந்த வரிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். ஆகவே மூன்றின் திகதிகளையும் ஒரே இடத்தில் எழுதி வையுங்கள். என்னுடையது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. பின்னால் இருக்கும் பிள்ளைக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். பாடசாலை வாசல் வரைதானே என்று சொல்லாதீர்கள். நான் விழுந்ததும் பாடசாலைக்குப் போகும் வழியில்தான்.

அந்த ஐயா காலமாகி மூன்று வருடமாகிறது. கால் சுகமான பிறகும் சற்று இழுத்துத்தான் நடந்தார். ஒவ்வொரு சிவராத்திரிக்கும் பாலாவிக் கரையில் என்னைக் கண்டால், “ரீச்சர், மெதுவாய் வந்தனீங்களோ?” என்று கேட்பார்.

தேநீர் தரும் இடைவேளையில் எல்லோரும் வண்டி நிறுத்தியிருக்கும் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். ரயர்க் காடிகளுக்குள் அங்கங்கே சிறிய மேடுகள் இருக்கும். ரயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமனாகிவிட்டால் மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லை, மாற்ற வேண்டும். முதலில் என் வண்டியைப் பார்ப்போம். பின் ரயரை மாற்றச் சொல்லி மகன் ஒரு மாதமாகச் சண்டை பிடிக்கிறான்.