யாருடைய மனம் பொதுமனம்?



பண்டிதர் அயோத்திதாசர் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். ஒரு பொருளோ, ஒரு கருத்தோ, ஒரு பெயரோ எப்படி மக்கள் மனத்தைப் பிடிக்கிறது? ஒன்று எல்லோர் வாயிலும் புழங்குகிறது. இன்னொன்று அச்சேறிய பிறகும் தெரியாமலே கிடக்கிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

பதில் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நாய் இனங்களுக்காக நான்கு அஞ்சல்தலைகளை வெளியிட்டது. அவற்றில் ஒன்று ராஜபாளையம் நாய். அதே ஆண்டு அக்டோபரில் அயோத்திதாசப் பண்டிதருக்கும் ஓர் அஞ்சல்தலை வந்தது. நாய்க்கு அஞ்சல்தலை வந்த கதையை இந்த ஊர் டீக்கடையில் யாரைக் கேட்டாலும் பெருமையாகச் சொல்வார்கள். பண்டிதருக்கு வந்தது இந்த அரங்கத்திலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கச் சொல்லப் போவதில்லை. நமக்கும் அது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

நாயின் மேல் நமக்குக் கோபம் எதுவும் இல்லை. வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக அழகான பிராணி. வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. ஆனால் அது யார் வீட்டு வாசலில் கட்டப்பட்டிருந்தது, யாரைப் பார்த்துக் குரைக்கப் பழக்கப்பட்டது என்பதை நம் தெருப் பெரியவர்களைக் கேட்டால் வேறொரு கதை கிடைக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். பங்களா நாய்க்கு ஊரின் பெயர் கிடைத்தது. தெருவில் திரியும் நாய்க்கு, தமிழ் வசவும் ஆங்கில அகராதியும் சேர்ந்து நம்மில் ஒரு சாதியின் பெயரைச் சூட்டின. எந்தப் பெயர் பெருமையாகும், எந்தப் பெயர் வசவாகும் என்பதை முடிவு செய்கிற ஒரு மனம் இங்கே வேலை செய்கிறது. அதைத்தான் நாம் பொதுமனம் என்கிறோம்.

பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். விலையே பெயரில் இருந்தது. அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆனது. 1914இல் அவர் இறக்கும் வரை வாரந்தவறாமல் எழுதினார். வரலாறு, பௌத்தம், மருத்துவம், இலக்கணம், அன்றாட அரசியல் என்று அவர் தொடாத துறை குறைவு. கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் வரை அந்த இதழ் போயிற்று. ஆக, அதற்கு வாசகர்கள் இருந்தார்கள், வாதம் இருந்தது, அச்சும் இருந்தது. ஆனாலும் தமிழ்நாட்டின் பொது வரலாறு எழுதப்பட்டபோது அவர் அதில் இல்லை. ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பிறகுதான் அவரைப் பற்றிய பேச்சே பரவலானது. இடையில் போனது 85 ஆண்டுகள். நல்ல கருத்து தானாக மக்களைச் சென்று சேரும் என்று நம்புகிறவர்கள் இந்த 85 ஆண்டுகளைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இங்கே 'பொது' என்ற சொல்லையே கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மோதல் பற்றிய செய்திகளில் 'பொதுமக்களுக்கும் காலனி மக்களுக்கும் தகராறு' என்கிற மாதிரி வாசகங்களை நாம் படித்திருக்கிறோம். அப்படியானால் காலனியில் இருப்பவர்கள் மக்களில் சேர்ந்தவர்கள், பொதுவில் சேராதவர்கள். பொதுக்கிணறு, பொதுக்குளம், பொதுப்பாதை என்று பெயர் வைத்துவிட்டு அதிலே நம்மை விலக்கி வைத்த நாடு இது. அதனால்தான் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் ரெட்டமலை சீனிவாசன், பொதுச் சாலையிலும் பொதுக்கிணற்றிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உரிமை உண்டு என்று தனியாக ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. பொது என்று ஏற்கெனவே பெயர் பெற்றதைப் பொதுவாக்க ஒரு தீர்மானம்! 1936இல் அம்பேத்கர் எழுதிய 'சாதி ஒழிப்பு' இதன் வேரைத் தொட்டது. சாதி இருக்கும் இடத்தில் பொது உணர்வு வளராது, பொதுக் கருத்து என்று ஒன்று உருவாகவும் வழியில்லை, ஒருவருக்கு அவருடைய சாதியே பொதுவாகிவிடுகிறது என்பது அவருடைய வாதம். சமூகவியல் வகுப்பில் பொதுக்கருத்தைப் பற்றி எத்தனையோ கோட்பாடுகளைப் படிக்கிறோம். இந்த மண்ணுக்கான முதல் பாடம் இதுதான்.

இனி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவோம். அங்கே எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று பால்கோவா. பேருந்து நிலையத்தில் இறங்கினால் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்னொன்று வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம். தமிழ்நாடு அரசின் முத்திரையில் இருப்பது அந்தக் கோபுரம்தான் என்பது ஊர்க்காரர்களின் உறுதியான நம்பிக்கை. இல்லை, 1949இல் அந்த முத்திரையை வரைந்த ஓவியர் கிருஷ்ணராவ் மதுரை மீனாட்சி கோயில் மேலைக்கோபுரத்தைப் பார்த்துத்தான் வரைந்தார் என்று சொல்வாரும் உண்டு. அந்த வழக்கை நாம் தீர்க்கப் போவதில்லை. ஒரு படம் மக்கள் மனத்தில் எப்படி ஏறுகிறது என்பதற்கு இது நல்ல பாடம். பட்டாவில், ரேஷன் அட்டையில், பாடப்புத்தகத்தில், பள்ளிச் சான்றிதழில் என்று தினமும் கண்ணில் படுகிறது. திரும்பத் திரும்பப் பார்ப்பதால் பழகுகிறது, பழகுவதால் நம்முடையதாகிறது. பால்கோவாவுக்கும் அப்படித்தான். கைக்கு எட்டும் விலை, வீட்டுக்குக் கொண்டுபோகும் பொட்டலம், ஊரோடு ஒட்டிய பெயர்.

ஆனால் அந்தக் கோபுரப் படம் இன்னொரு தாளிலும் இருக்கிறது. நம் பிள்ளைகள் கல்லூரிக்கு எடுத்துக்கொண்டு போகும் சாதிச் சான்றிதழிலும் அதே முத்திரைதான். கோபுரத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்பதற்கான சான்றைக் கோபுரம் போட்ட தாளிலேயே வாங்குகிறோம். அது எந்த ஊர்க் கோபுரமாக இருந்தாலும் நம்மைப் பொறுத்தவரை கதை ஒன்றுதான். மதுரையில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யரோடு கக்கனும் மற்றத் தோழர்களும் உள்ளே போனபோது சில பட்டர்கள் பூசை செய்ய மறுத்தார்கள். மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1949இல் கோபுரம் அரசின் முத்திரையாகிறது. அது எல்லோருக்கும் உரியது என்று சொல்லக் கூடிய தகுதியை அதற்கு வாங்கிக் கொடுத்தவர்கள், உள்ளே போக அடி எடுத்து வைத்தவர்கள். முத்திரையைப் பார்க்கும்போது அவர்கள் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இதெல்லாம் ஏறிய கதைகள். ஏறாத ஒன்றின் கதை 1997இல் இதே மாவட்டத்தில் நடந்தது. இங்கே இருக்கும் மாணவர்களில் பலர் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள்.

அந்தக் காலத்தில் அரசுப் பேருந்துகளுக்குப் பெயர்கள் இருந்தன. சேரன், சோழன், பாண்டியன், திருவள்ளுவர், கட்டபொம்மன், தந்தை பெரியார் என்று கழகத்துக்குக் கழகம் ஒரு பெயர். 'பாண்டியன் வந்துட்டான்' என்று சொல்லிக்கொண்டுதான் ஜனங்கள் பேருந்தில் ஏறினார்கள். மன்னர்களும் தலைவர்களும் மக்கள் வாயில் புழங்குவதற்கு அதைவிட நல்ல வழி இருந்ததில்லை. அந்த வரிசையில் விருதுநகர் மாவட்டத்துக்குப் புதிதாக ஒரு போக்குவரத்துக் கழகம் அறிவிக்கப்பட்டது. அதற்கு வீரன் சுந்தரலிங்கம் என்று பெயர் வைத்தார்கள். கவர்னகிரியில் பிறந்து, கட்டபொம்மனோடு நின்று, வெள்ளையரை எதிர்த்த போரில் 1799இல் உயிர்விட்டவர் என்று நம் மக்கள் போற்றும் வீரர்.

ஆதிக்க சாதியினர் பலர் அந்தப் பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள். காரணத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கட்டபொம்மன் பெயரில் ஓடிய பேருந்தில் ஏறியவர்கள், அவருடைய களத்தில் நின்றவரின் பெயரில் ஓடும் பேருந்தில் ஏற மறுத்தார்கள். வண்டி அதே வண்டிதான். கட்டணமும் அதேதான். வழித்தடமும் அதேதான். தென்மாவட்டங்களில் கலவரம் பரவியது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரமும் தப்பவில்லை. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. அதே ஆண்டில் அரசு ஒரு முடிவுக்கு வந்தது. சுந்தரலிங்கம் பெயரை மட்டும் எடுக்காமல் எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டது. மாவட்டங்களின் பெயர்களும் போயின. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது. பேருந்துகளில் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயர் மிஞ்சியது.

அந்த முடிவு அமைதிக்காக எடுக்கப்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது கற்றுக்கொடுத்த பாடத்தை மறக்கக் கூடாது. ஒரு தலித்தின் பெயரைப் பொதுவில் ஏற்பதைவிட, மன்னர், தலைவர், புலவர் பெயர்கள் அத்தனையையும் இழக்கத் தயாராக இருந்தது பொதுமனம். பால்கோவாவும் நாயும் கோபுரப் படமும் யாரையும் இருக்கையிலிருந்து நகரச் சொல்லவில்லை. உள்ளது உள்ளபடி இருந்துகொண்டே அவற்றைக் கொண்டாடலாம். சுந்தரலிங்கம் பெயர் அப்படி இல்லை. நம் வீட்டு முன்னோர் ஒருவரின் பெயரைச் சொல்லி, 'அந்த வண்டி எப்ப வரும்?' என்று கேட்கச் சொன்னது அது. ஊர் மனம் தடுக்கி விழுந்தது அங்கேதான். மக்கள் மனத்தைப் பிடிக்க அழகு வேண்டும், எளிமை வேண்டும், திரும்பத் திரும்பக் கண்ணில் பட வேண்டும் என்பார்கள். அதெல்லாம் சரி. பேருந்தை விடவா ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படும்? அதற்கும் முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலில் சாதி உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் நம்முடையது எதுவுமே ஏறியதில்லையா? ஏறியிருக்கிறது. நீலக் கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய விரல். இந்த உருவம் யார் என்று இந்தியாவில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். நாடாளுமன்ற வளாகத்தில் அண்ணலின் சிலை 1967இல் வந்தது. ஆனால் அவர் உருவத்தை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது பெரும்பாலும் நாம்தான். ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் தெருவில் வசூல் செய்து, கூலிக் காசில் சிமெண்டு வாங்கி, அனுமதிக்கு அலைந்து, சில ஊர்களில் அடி வாங்கி நிறுத்திய சிலைகள் அவை. தமிழ்நாட்டில் அவற்றில் பலவற்றைச் சுற்றி இரும்புக் கூண்டு இருக்கிறது. கூண்டு பாதுகாப்புக்கு என்கிறார்கள். அந்தச் சிலை ஊர் மனத்தை எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்பதற்கு அந்தக் கம்பிகளே சாட்சி. வாசலில் அனுமதி கிடைக்காதபோது தெருத்தெருவாக, காசு காசாக நாமே ஒரு பொதுவைக் கட்டியிருக்கிறோம். பண்டிதரின் ஒரு பைசாவும் அந்த வழிதான்.

இனிச் சொல்வது நமக்கு நாமே சொல்லிக்கொள்வது. கசப்பாக இருந்தாலும் கேளுங்கள். சிலையின் கையில் புத்தகம் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்திருக்கிறோம்? சுவர் முழுக்கத் தலைவர் படம் வரைகிற தெருவில் ஒரு வாசிப்புச் சாலை ஓர் ஆண்டு தாக்குப்பிடிப்பதில்லை. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. சுந்தரலிங்கம் பெயருக்காக நின்றவர்களில் எத்தனை பேர் ஒண்டிவீரன் பெயருக்காக நின்றோம்? பூலித்தேவன் படையில் போரிட்டவர் என்று அருந்ததியர் மக்கள் கொண்டாடும் வீரர் அவர். நெற்கட்டும்செவல் இங்கிருந்து தூரமில்லை. அவருக்கு 2022இல் அஞ்சல்தலை வந்தபோது நம் எல்லாத் தெருக்களிலும் அது பேச்சானதா? 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது நமக்குள் எழுந்த முணுமுணுப்பை மறந்துவிட முடியுமா? நகராட்சிக் குப்பை வண்டியோடு விடியற்காலையில் நடக்கிற தோழர் நம் பொதுவில் இருக்கிறாரா? ஊர் நமக்குச் செய்ததை நம் தெரு இன்னொரு தெருவுக்குச் செய்தால், அந்த வாசலில் உட்கார்ந்திருப்பது நாமும்தான்.

எனவே மாணவ நண்பர்களுக்குச் சில வேலைகளைச் சொல்லி முடிக்கிறோம். 1997ஐக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இந்த வட்டாரக் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிறது. செல்பேசியை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். எந்தத் தரப்பில் இருந்தவராக இருந்தாலும் கேளுங்கள். 'தமிழன்' கட்டுரைகளில் மாதத்துக்கு ஒன்றை எடுத்து, தெருவில் உரக்க வாசியுங்கள். பறையர் தெருவில் ஒண்டிவீரனைப் பேசுங்கள், பள்ளர் தெருவில் அயோத்திதாசரைப் பேசுங்கள், அருந்ததியர் தெருவில் சுந்தரலிங்கத்தைப் பேசுங்கள். அவரவர் தெருவில் அவரவர் வீரரைப் பேசுவது சாதிச் சங்கத்தின் வேலை. தெரு மாறிப் பேசும்போதுதான் ஒரு பெயர் பொதுவாகிறது. பேசும்போதும் எழுதும்போதும் 'பொதுமக்கள்' என்ற சொல் வந்தால் ஒரு நிமிடம் நின்று, அதற்குள் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கூட்டம் முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டியில் பலர் ஏறப் போகிறீர்கள். அந்த வண்டியில் எந்த வீரனின் பெயரும் இருக்காது. பக்கத்தில் உட்காருகிறவர் இருபது நிமிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவார். எந்த ஊர் என்று கேட்பார். அடுத்து எந்தத் தெரு என்று கேட்பார். பதில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, இந்த வண்டிக்கு ஒரு காலத்தில் யார் பெயர் இருந்தது தெரியுமா என்று அவரிடம் கேளுங்கள். இந்தச் சொற்பொழிவின் மிச்சத்தை அங்கே நீங்கள் பேச வேண்டும்.

ஜெய்பீம்.